மறைந்த பேராசிரியரின் பெயர் இன்னும் ஆசிரியர் குழுவில் இருக்கிறது: எப்படி நீக்குவது?

கொருக்குப்பேட்டைக் கணிதன் (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு காலை 8.10

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் உள்ள ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். சென்ற வாரம் முனைவர் பட்ட மாணவி ஒருவர், தம் கட்டுரையை எங்கே அனுப்பலாம் என்று கேட்டு, இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் பொதுவானது என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பன்னாட்டு ஆய்விதழின் பக்கத்தைக் கைபேசியில் காட்டினார். ஆசிரியர் குழு என்ற பகுதியைத் திறந்து கீழே நகர்த்திக்கொண்டே போனபோது, என் ஆய்வு நெறியாளரின் பெயரும் படமும் வந்து நின்றன. அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூலக்கொத்தளம் மயானத்தில் எல்லாம் முடியும்வரை உடன் நின்றவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் படம் எங்கள் துறை விழா ஒன்றில் எடுத்தது. அவர் முகத்தை மட்டும் யாரோ வெட்டி எடுத்துப் போட்டிருக்கிறார்கள்; அவருடைய தோளையொட்டி ஓரத்தில் தெரியும் கட்டம்போட்ட சட்டைக்கை என்னுடையது. மாணவியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பேசலாம் என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உயிரோடு இருந்தபோது இந்த இதழைப் பற்றி அவரே ஒருமுறை பேசியிருக்கிறார். சேர்ந்துகொள்ளச் சொல்லி மடல் வந்ததாகவும், மரியாதைக்குச் சரி என்று பதில் போட்டதாகவும், அதற்குப் பிறகு ஒரு பேப்பர்கூடத் தம் மேசைக்கு வரவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். குழுவில் எழுபதுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஒருவருக்கும் துறை குறிப்பிடப்படவில்லை. எண் கோட்பாடு தெரிந்தவர் யார், பிளாஸ்மா இயற்பியல் தெரிந்தவர் யார் என்று பிரித்தறிய வழியே இல்லை. கட்டுரை வெளியீட்டுக் கட்டணம் மட்டும் ரூபாயிலும் டாலரிலும் தெளிவாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அவர் பெயரை நீக்கச் செய்ய என்ன வழி என்பது என் முதல் கேள்வி. இப்படிப்பட்ட இதழ்களில் ஆசிரியர் குழு உண்மையில் என்னதான் செய்ய வேண்டும் என்பதையும், இதழ் நடத்துபவர்கள் யாராவது இங்கே இருந்தால், மாணவியிடம் நான் எடுத்துச் சொல்லத் தக்க அளவில் எழுத வேண்டுகிறேன்.

ராயபுரம் நூலகர் (ஓய்வு), ஞாயிறு காலை 9.35

ஐயா, நீக்கச் சொல்லி மடல் எழுதுவதற்கு முன்பு அந்தப் பக்கத்தைத் தேதியோடு படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே மாற்றிவிட்டு, இருந்ததே இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

ஐஎஸ்எஸ்என் எண் போட்டிருக்கிறதே என்று பலர் ஏமாறுவதை முப்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். எட்டு இலக்கம் கொண்ட அந்த எண், ஒரு தொடர் வெளியீட்டை இன்னதென்று அடையாளம் காண்பதற்கு மட்டுமே உரியது. ரேஷன் கார்டில் எண் இருப்பது ஒருவருடைய நன்னடத்தைக்குச் சான்று ஆகுமா? கணிதம் என்றால், கணித ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பட்டியலிடும் ஸெட்பிமாத் தளத்தில் தேடிப்பாருங்கள். 2021 முதல் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதில் அந்த இதழ் இல்லையென்றால், கணிதத்தைத் தலைப்பில் வைத்திருக்கும் ஓர் இதழுக்கு அது நல்ல அடையாளம் அன்று.

பட்டியல்களை நம்பியிருந்த காலம் முடிந்துவிட்டது. 2018 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அடுத்த ஆண்டு, ஏற்கத்தக்க இதழ்களுக்கென்று கேர் என்ற புதிய பட்டியலை அதே குழு கொண்டுவந்தது. 2025இல் அதையும் கைவிட்டு, இதழின் தரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள். ஆகவே ஆசிரியர் குழுவை ஒவ்வொரு பெயராகப் படித்துப் பார்க்கும் வேலை இனிமேல் உங்களைப் போன்ற நெறியாளர்களின் தலையில்தான் விழுகிறது.

பெரம்பூர் பௌதிகம், ஞாயிறு பிற்பகல் 3.20

நான் இயற்பியல் இதழ் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக இணை ஆசிரியராக இருக்கிறேன். இதழின் பெயர் தேவையில்லை, சம்பளமும் இல்லை. வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரே ஒரு கட்டுரையை வைத்துச் சொல்கிறேன்.

மெல்லிய படலங்களின் மின்கடத்தல் பற்றிய கட்டுரை ஒன்று முதன்மை ஆசிரியரிடமிருந்து எனக்கு வந்தது. படலங்கள் என் துறை என்பதால்தான் எனக்கு வந்தது. ஒளியியல் கட்டுரை என்றால் வேறொருவருக்குப் போயிருக்கும். வேறு எங்கிருந்தாவது எடுத்து எழுதியிருக்கிறதா என்று காட்டும் கணிப்பொறி ஒப்புமை அறிக்கையைப் பார்த்த பிறகு, படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது என் வழக்கம். மூன்றாவது படத்தில் இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகளுக்கு உரிய இரண்டு வளைவுகள் இருந்தன. ஆனால் இரண்டிலும் சிறு நடுக்கங்கள் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாகவே இருந்தன. உண்மையான அளவீட்டில் இரைச்சல் இரண்டு முறை ஒரே மாதிரி அமையாது. பொய்த் தரவு கொடுத்த பெல் ஆய்வக இயற்பியலாளர் ஹென்ட்ரிக் ஷோன் 2002இல் பிடிபட்டதற்கு இப்படி வெவ்வேறு கட்டுரைகளில் ஒரே இரைச்சல் தென்பட்டதே முக்கியக் காரணம். ஆனாலும் எடுத்த எடுப்பிலேயே குற்றம் சாட்டக் கூடாது என்பதால் மூலத் தரவைக் கேட்டு எழுதினேன். ஒரே கோப்பை இருமுறை ஏற்றிவிட்டதாக அந்த ஆய்வாளர் பதறிப்போய் எழுதி, சரியான கோப்பை அனுப்பினார். அது உண்மையான தவறுதான்.

பிறகு மதிப்பீட்டாளர்களைத் தேடினேன். ஆறு பேருக்கு எழுதினேன். இருவர் ஒப்புக்கொண்டார்கள், இருவர் மறுத்தார்கள், மற்ற இருவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. ஒருவர் ஏற்கலாம் என்றும் மற்றவர் நிராகரிக்கலாம் என்றும் எழுதினார்கள். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மதிப்பீட்டாளர் கருத்துச் சொல்பவர் மட்டுமே, முடிவெடுப்பவர் ஆசிரியர். நிராகரிக்கச் சொன்னவரின் அறிக்கையில் இருந்த ஐந்து குறைகளில் மூன்று செல்லுபடியாகும் என்று கண்டு, பெருந்திருத்தம் செய்து மீண்டும் அனுப்பச் சொன்னேன். மொத்தம் ஏழு மாதங்கள் ஆயின. கணிதத்தில் இது இன்னும் நீளும், ஏனென்றால் அங்கே மதிப்பீட்டாளர் நிரூபணத்தை வரிவரியாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்குவது எப்படி என்பது பற்றிய கெப்ளர் கணிப்புக்குத் தாமஸ் ஹேல்ஸ் 1998இல் தந்த நிரூபணத்தைப் பன்னிரண்டு பேர் சரிபார்த்தும் முழு உறுதி சொல்ல முடியாமல், அது ‘அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் வெளிவர 2005 ஆனது. அதே இதழ் 2013இல் யீடாங் சாங் எழுதிய பகா எண்கள் பற்றிய கட்டுரையைச் சில வாரங்களிலேயே ஏற்றுக்கொண்டது. கட்டுரையை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று குழுவுக்குத் தெரிந்திருந்ததுதான் அந்த வேகத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

இயற்பியலையும் கணிதத்தையும் ஒரே இதழில் வைப்பதில் தவறில்லை. ராயல் சொசைட்டி தன் ‘ஃபிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ்’ இதழை 1887இல் இரண்டாகப் பிரித்தபோது, கணிதமும் பௌதிகமும் ஏ பிரிவில் சேர்ந்தே நின்றன. ஆனால் பரப்பு விரிய விரிய, எந்தக் கட்டுரை யாரிடம் போகும் என்பது குழுவின் பட்டியலிலேயே தெரிய வேண்டும். உங்கள் எழுபது பேரில் அது தெரியவில்லை என்றால், கட்டுரை யாரிடமும் போகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

வியாசர்பாடி வாசி, ஞாயிறு இரவு 9.05

மேலே எழுதியவை எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. எங்கள் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது கோப்புக் கட்டும் பணி. இத்தனைக்கும் நடுவில் பதவி உயர்வுக்கு பேப்பர் காட்ட வேண்டும். பெரிய இதழின் குழுவில் இருப்பவர்கள் யார்? பெரிய நிறுவனங்களில் இருப்பவர்கள். அவர்கள் எங்கள் கல்லூரியின் பெயரை முதல் பக்கத்தில் பார்த்ததுமே, மதிப்பீட்டாளருக்குக்கூட அனுப்பாமல் மூன்றாம் நாள் திருப்பிவிடுகிறார்கள். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. அப்படியிருக்க, ஓர் இதழ் எங்களையும் மதித்துக் குழுவில் சேரச் சொல்லி எழுதினால் ஆசை வரத்தான் செய்யும். மறைந்த பேராசிரியர் சரி என்று எழுதியதை நான் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். முகம் தெரியாத மதிப்பீட்டாளர் என்ற முறையே அவமானப்படுத்துவது. ஐன்ஸ்டைனையே அவமதித்து அனுப்பியவர்கள்தானே இவர்கள்?

பாரிமுனைப் பரதன், திங்கள் காலை 7.15

நான் விஞ்ஞானி இல்லை; துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் அலுவலகத்தில் 1912இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்த எழுத்தர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சீனிவாச ராமானுஜத்தைத்தான் சொல்கிறேன்.

அவருடைய முதல் கட்டுரை, பெர்னூலி எண்கள் பற்றியது, 1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வந்தது. அந்த இதழின் ஆசிரியர் பெங்களூரில் இருந்த நாராயண ஐயங்கார். ராமானுஜம் எழுதியது மிகச் சுருக்கமாகவும் சாதாரண வாசகருக்குப் புரியாததாகவும் இருந்ததால், தெளிவாக எழுதித் தரும்படி பலமுறை திருப்பி அனுப்பினார். பட்டம் இல்லாத, வேலையும் இல்லாத ஓர் இளைஞரின் கையெழுத்துப் படியை ஒருவர் அத்தனை முறை படித்திருக்கிறார் என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். வியாசர்பாடி நண்பருக்குத் திருப்பி அனுப்பியதில் வருத்தம். படிக்காமல் திருப்பியதில்தான் அந்த வருத்தம் என்று நினைக்கிறேன். அதே சங்கத்தின் பொருளாளராக இருந்த நாராயண ஐயர்தான் துறைமுகத்தில் ராமானுஜத்துக்கு மேலதிகாரி. இருவரும் மாலையில் பலகையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் மூத்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இணையத்தில் தேடுவதற்கு அலுப்பாக இருந்தால், ராயபுரத்தில் பி.கே. சீனிவாசன் உருவாக்கிய ராமானுஜன் அருங்காட்சியகத்துக்கு உங்கள் மாணவியை அழைத்துப் போங்கள்.

பெரம்பூர் பௌதிகம், திங்கள் இரவு 8.40

வியாசர்பாடி நண்பருக்கு. முகவரியைப் பார்த்துத் திருப்புவது நடக்கிறது, நான் மறுக்கவில்லை. எங்கள் இதழிலேயே ஒரு மூத்த உறுப்பினர் அப்படிச் செய்துவந்தார், நாங்கள் இரண்டு பேர் ஆட்சேபித்த பிறகே நிறுத்தினார். ஐன்ஸ்டைன் கதை மட்டும் நீங்கள் சொல்வது போல இல்லை.

1936இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும், ஈர்ப்பு அலைகள் இல்லை என்ற முடிவோடு ஒரு கட்டுரையை ‘ஃபிசிகல் ரிவ்யூ’வுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் ஜான் டேட் அதை மதிப்பீட்டுக்கு அனுப்பி, வந்த அறிக்கையை ஐன்ஸ்டைனுக்குத் தெரிவித்தார். அச்சிடுவதற்கு முன் வேறொருவரிடம் காட்டச் சொல்லித் தாம் அனுமதி தரவில்லை என்று ஐன்ஸ்டைன் கோபித்து, கட்டுரையைத் திரும்பப் பெற்று ஃபிராங்க்ளின் நிறுவனத்தின் இதழுக்குக் கொடுத்தார். ஆனால் 1937இல் அங்கே அச்சானபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. மதிப்பீட்டாளர் சுட்டிய குறை சரியானதே. அவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது 2005இல்தான் வெளியே தெரிந்தது. அந்த இதழ் தன் பதிவேட்டை அத்தனை ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தது.

குழுவில் பெயர்கள் அதிகம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் சென்னையில் மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1952 முதல் 1971 வரை ‘ஆஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல்’ இதழைப் பெரும்பாலும் தம் ஒருவர் உழைப்பிலேயே நடத்தினார்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. உண்மையான ஆசிரியர் குழுவின் பலம் அதன் உறுப்பினர்கள் விலகக் கூடியவர்கள் என்பதில் இருக்கிறது. ‘டோபாலஜி’ என்ற கணித இதழின் விலை கட்டுக்கடங்காமல் போனபோது, 2006இல் அதன் ஆசிரியர் குழு முழுவதும் ஒன்றாகப் பதவி விலகியது. அவர்கள் தொடங்கிய வேறோர் இதழ் 2008 முதல் லண்டன் கணிதச் சங்கத்தின் துணையோடு வெளிவந்தது. பழைய இதழ் அதற்குப் பிறகு நெடுநாள் நிலைக்கவில்லை. உங்கள் பட்டியலில் உள்ள எழுபது பேரும் நாளைக்கு விலகினால் அந்த இதழில் என்ன நின்றுபோகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றும் நிற்காது. உயிரோடு இல்லாதவரை வைத்துக்கொண்டே அது நடக்கிறதே.

தண்டையார்பேட்டை ஆசிரியை, திங்கள் இரவு 10.15

எல்லாரும் இதழைப் பற்றியே பேசுகிறீர்கள். பேராசிரியரின் வீட்டில் கேட்டீர்களா? அவர் பெயர் ஓர் இடத்தில் இருப்பதையும் நீக்குவதையும் அவர்களுக்குத் தெரியாமல் நீங்களாக முடிவு செய்வது முறை இல்லை.

கொருக்குப்பேட்டைக் கணிதன், செவ்வாய் இரவு 9.50

சகோதரி சொன்னது சரி. இன்று மாலை அம்மாவை, அதாவது பேராசிரியரின் துணைவியாரை, புது வண்ணாரப்பேட்டை வீட்டில் போய்ப் பார்த்தேன். பக்கத்தைக் காட்டியதும் அவர் முதலில் படத்தைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இருந்துட்டுப் போகட்டுமே தம்பி, இதுல யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. உடனே பதில் வரவும் இல்லை.

பிறகு மாணவியைப் பற்றிச் சொன்னேன். நெறியாளரின் நெறியாளர் இருக்கும் இதழ் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பெண் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். கட்டணத்துக்குத் தந்தையிடம் கேட்டிருக்கிறார், அவர் காசிமேட்டில் படகில் போகிறவர். 2017இல் போலந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையைப் பற்றியும் சொன்னேன். அந்த நாட்டு மொழியில் மோசடிக்காரர் என்று பொருள்படும் பெயரில், இல்லாத ஒரு பெண் விஞ்ஞானியைப் படைத்து, தகுதியே இல்லாத தன்குறிப்போடு 360 இதழ்களுக்கு விண்ணப்பித்தார்கள். 48 இதழ்கள் ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டன. அம்மாவுக்கு அந்த எண்கள் முக்கியமாகப் படவில்லை. அவர் பேப்பரைப் படிக்காமலேயே அவர் பெயரில் பேப்பர் போகிறதா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். “படிக்காம அவர் பால் கணக்குலகூட கையெழுத்துப் போட்டதில்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து, பீரோவிலிருந்து மாநகராட்சி தந்த இறப்புச் சான்றிதழின் நகலை எடுத்துக் கொடுத்தார். படத்தை மட்டும் தமக்கு அனுப்பச் சொன்னார். துறை விழாப் படத்தின் முழு வடிவம் என்னிடம் இருப்பதால் அதையே அனுப்பிவிட்டேன்.

இப்போது மடல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ராயபுரம் நூலகர் (ஓய்வு), செவ்வாய் இரவு 10.30

மடலைச் சுருக்கமாக எழுதுங்கள். கோபம் வேண்டாம். பெயர், மறைந்த தேதி, சான்றிதழ் நகல், ஏழு நாள் கெடு ஆகியவை போதும். அவர் கடைசியாகப் பணியாற்றிய துறைக்கு ஒரு படி அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் கல்லூரியின் பெயரும் சேர்ந்தே இருக்கும், அதனால் அவர்களும் எழுத உரிமை உண்டு. சான்றிதழ் நகலின் குறுக்கே எதற்காகத் தருகிறீர்கள் என்று எழுதிவிட்டு அனுப்புங்கள்.

வியாசர்பாடி வாசி, புதன் காலை 6.50

அம்மா சொன்னதைப் படித்தேன். எனக்கும் இரண்டு இதழ்களிலிருந்து அப்படிப்பட்ட அழைப்பு வந்திருக்கிறது. ஒன்றுக்குச் சரி என்று எழுதியும்விட்டேன். நான் குழுவில் சேர்ந்த பிறகு எத்தனை கட்டுரைகள் வந்தன, என் துறையில் ஒன்றை எனக்கு எப்போது அனுப்புவீர்கள் என்று இன்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டைக் கணிதன், அடுத்த திங்கள் இரவு 8.20

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது தானியங்கிப் பதில். என் மேலான கட்டுரையைப் பெற்றுக்கொண்டதாகவும் ஏழு நாட்களில் முடிவு தெரிவிப்பதாகவும் சொன்னது. இரண்டாவது மடலில், உறுப்பினரை நீக்க வேண்டுமானால் அவரே தம் மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டும் என்றார்கள். இறப்புச் சான்றிதழை மறுபடியும் இணைத்து, முதல் வரியைத் திரும்பப் படிக்குமாறு எழுதினேன். கல்லூரியின் துறைத் தலைவரும் எழுதினார். சனிக்கிழமை பெயரும் படமும் போய்விட்டன.

மாணவி தம் கட்டுரையைக் கணிதச் சங்கம் ஒன்று நடத்தும் இதழுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே குழுவில் பன்னிரண்டு பேர்தான். ஒவ்வொருவருக்கும் எதிரில் துறை எழுதியிருக்கிறது. முடிவு வர ஓராண்டு ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

நேற்று அந்தப் பதிப்பகத்தின் மற்ற இதழ்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பொறியியல் இதழ் ஒன்றில், அவர் ஒரு நாளும் தொடாத துறையில், அதே படம், அதே சட்டைக்கை. அதே மடலை அங்கேயும் அனுப்பியிருக்கிறேன்.